சல்லடையில் தங்கியது

போன வாரம் கோயில் கமிட்டிப் பிள்ளை ஒருவன் எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "ஆன்ட்டி, கும்பாபிஷேக மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பழைய தோட்டத்துக் கோயிலு, தீமிதி, அந்த மாதிரி. நல்ல விஷயமா எழுதுங்க லா, சர்ச்சை கிர்ச்சை வேணாம்."

நம் ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அம்மன் மட்டும் சிரம்பானில் ராசா பக்கம் பளிங்குத் தரை போட்டுக் குடியேறியிருக்கிறாள். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். நான் நல்ல விஷயமாகத்தான் எழுதிக் கொடுத்தேன். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல விஷயம் அந்தக் கோயிலில் நடந்ததே இல்லை. படித்துவிட்டு மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நாலாம் நாள், "மலர்ல எடம் பத்தல ஆன்ட்டி" என்று பதில் வந்தது. அடேயப்பா! தலைவர் குடும்பத்துப் படத்துக்கு மட்டும் ஆறு பக்கம் இருக்கிறதாம்.

சரிதான் போங்கள் என்று அதை இப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரே லயத்து வரிசையில் மூக்கொழுகித் திரிந்த நீங்கள்தான் இதற்குச் சாட்சி. நான் சொல்வது பொய்யென்றால் நேரில் வந்து என் காதைத் திருகுங்கள்.

அது பலகை லயங்களை இடித்துவிட்டுக் கல் வீடு கட்டிய வருஷம். எனக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்ததும் நமக்கு வேறு வேலை கிடையாது, இடிக்கிற இடத்தில் போய் நிற்பதுதான். ஒவ்வொரு பலகையைப் பிடுங்கும்போதும் அடுப்புப் புகையும் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாடை குப்பென்று வரும். பலகை இடுக்கில் என்னென்னவோ அகப்பட்டன. பல் போன சீப்பு, பொம்மையின் ஒற்றைக் கால், ஒளித்து வைத்துவிட்டுச் செத்தும் போய்விட்ட யாரோ ஒருவரின் காதல் கடிதம். அதைப் படித்துவிட்டு நாம் பட்ட பாடு ஞாபகமிருக்கிறதா?

ஆணிகளும் ஞாபகமிருக்கும். நாற்பது ஐம்பது வருஷமாக எத்தனை குடும்பம் மாறியிருக்கும்! வந்தவர்களெல்லாம் சட்டை மாட்ட ஓர் ஆணி, நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி, சாமி படத்துக்கு ஓர் ஆணி என்று அடித்துத் தள்ளியிருந்தார்கள். இடித்த பலகையைக் கையில் எடுத்தால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். என் பாவாடை கிழிந்து அம்மாவிடம் அடி வாங்கியது அதனால்தான்.

தீமிதிக் குழிக்கு எப்போதும் ரப்பர் கட்டைதான் போடுவார்கள். மறுநடவுக்கு வெட்டிச் சாய்த்த கிழட்டு மரங்களை மாதக்கணக்கில் காயவைத்து அடுக்குவார்கள். அந்த வருஷம் வெட்டிய மரத்தையெல்லாம் செங்கல் சூளைக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கட்டை இல்லை. கோயில் தலைவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்த்த பெரிய மண்டோர். யாருக்கு எந்த மலையில் பால் எடுக்க மரம் வெட்டக் கொடுப்பது, யாரை வேலையிலிருந்து நிறுத்துவது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அதே வாய்தான் கோயிலிலும்.

"பழைய லயத்துப் பலக இருக்குல்ல, நல்லா காஞ்சது, ஒரே மூச்சுல எரிஞ்சிரும்" என்றார்.

தோட்டத்து ஆசாரி தலையைச் சொறிந்தார். "ஆணி நெறைய இருக்குங்க. புடுங்கணும்னா ஒரு வாரம் ஆவும்."

"ஆத்தா பாத்துக்குவாய்யா. எரிஞ்சா எல்லாம் சாம்பலுதானே?"

நான் அப்போது பக்கத்தில் பலகை இடுக்கைக் குடைந்துகொண்டிருந்தேன். இரும்பு சாம்பலாகாது என்பது ஒன்பது வயதுக்கே தெரியும். ஐம்பது வயது மண்டோருக்குத் தெரியாதா? தெரியும். ஆசாரிக்கும் தெரியும். ஆசாரி மறுபேச்சுப் பேசாமல் போனார். அவருக்குப் புதுக் கல் வீடுகளில் மூலை வீடு வேண்டியிருந்தது.

அந்த வருஷம் தீயில் இறங்கியவர்களில் என் அத்தை ஒருத்தி. அப்பாவுக்குத் தங்கை, எங்களோடு இருந்தாள், பால் மரம் வெட்டினாள், இருபத்திரண்டு வயது. அப்பா மஞ்சள் காமாலையில் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அண்ணன் எந்திரிச்சி வந்தா பூ மிதிக்கிறேன் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டாள். அப்பா எழுந்து வந்தார். தம்பின் ஊர்ப்பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளுக்குச் சம்பந்தமும் பேசி முடித்திருந்தது. வேண்டுதலை முடித்துவிட்டுக் கல்யாணம் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மாவே தீமிதி பார்க்க வந்திருந்தார்.

சாயங்காலம் நாலரை மணி. பூசாரி தலையில் கரகத்தோடு முதலில் இறங்கினார். பாதிக் குழியில் அவர் துள்ளியதைப் பார்த்து எல்லோரும், "அருள் முத்திருச்சு!" என்று கும்பிட்டார்கள். பின்னால் ஆண்கள் போனார்கள். எல்லோரும் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே துள்ளினார்கள். அத்தை துள்ளவில்லை. நிதானமாக நடந்தாள். முக்கால் குழி வந்ததும் முகம் மாறியது. கடைசியில் பால் ஊற்றி வைத்திருந்த பால் குழிக்குள் கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிப் பார்த்தால் இரண்டு பாதமும் வெந்து கிடந்தன.

"யம்மா" என்று ஒரு சத்தம்தான் போட்டாள். நான் அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பூசாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நெருப்பு பொய் சொல்லாது! சுத்தமில்லாம எறங்குனா ஆத்தா காட்டிக் குடுத்துருவா!" குழாய் நாலு திசைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கல்யாணம் பேசிய பெண்ணிடம் என்ன சுத்தக்குறைவு இருக்க முடியும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது, பெரியவர்கள் ஏன் அவள் காலைப் பார்க்காமல் வயிற்றைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

மறுநாள் காலையில் குழிச் சாம்பலை அள்ளும் வழக்கம். வீட்டுக்கு ஒரு டின். அதைச் சலித்து வெள்ளைத் துணியில் கட்டிவைத்தால் வருஷம் முழுக்கத் திருநீறு. காய்ச்சல், பயந்த கோளாறு, பரீட்சை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. எங்கள் வீட்டு டின்னை நான்தான் சுமந்து வந்தேன். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து மாவுச் சல்லடையில் கொட்டிச் சலித்தாள். சாம்பல் பனி மாதிரி இறங்கியது. சல்லடையில் கலகலவென்று சத்தம்.

ஏழு ஆணிகள். கறுத்து, வளைந்து, ஒன்றின் தலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சைச் சாயம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, அத்தை காலு..." என்றேன்.

"வாய மூடு. வெளிய சொன்னே, சூடு வச்சிருவேன்."

ஏழையும் பொறுக்கி வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. என் அம்மா கெட்டவளில்லை, கோழை என்றும் சொல்ல மாட்டேன். அப்பா அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்திருந்தார். அவருக்கு மண்டோர் சமதரையில் இலேசான வேலை போட்டுக் கொடுத்திருந்தார். இதையெல்லாம் இன்றைக்குப் புரிந்துகொள்கிறேன். புரிந்துகொண்டேன் என்பதற்காகச் சரி என்று சொல்ல என்னால் முடியாது.

தோட்டத்து மருந்துக்கடை டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார். பாதத்தில் ஆணித்தலை அளவில் வட்ட வட்டமாகக் குழிந்திருந்த புண்களை விரலால் சுற்றிக் காட்டினார். "இது நெருப்புச் சுட்டது இல்லைப் பிள்ளை. இரும்பு சுட்டது. குழிக்குள்ள என்னத்தப் போட்டு எரிச்சவங்கள்?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி போடப் போனாள். டிரசர் சொன்னது லயம் முழுக்கப் பரவியதும், "அவரு வேதக்காரருப்பா, ஆத்தாவப் பத்தி அவருக்கு என்னா தெரியும்" என்று முடித்துவிட்டார்கள். காலைப் பார்த்துச் சொன்னவருக்குத் தெரியாதாம், ஒலிபெருக்கியில் கத்தியவருக்குத் தெரியுமாம். நல்ல நியாயம்!

அத்தை மட்டும் டிரசர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் அவள் குளியலறைக்குத் தவழ்ந்து போவாள். நான் முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். நாலாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "நீதானே சாம்பல் தூக்கியாந்தே. உண்மைய சொல்லு. ஆணி இருந்துச்சா?"

சூடு ஞாபகம் வந்தது. கையை விரித்து ஐந்து காட்டி, அப்புறம் இரண்டு காட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சத்தியமாக நான் எதுவும் சொல்லவில்லை என்று அம்மாவிடம் பிறகு சாதித்தேன்.

அன்று சாயங்காலம் தலைவரின் முடிவு வந்தது. அப்பா வாசலில் நின்றபடியே சொன்னார். தீமிதிக்கு எட்டாம் நாள் நடக்கும் எட்டாம் பூசையில் அத்தை எல்லோர் முன்னாலும் விழுந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி, மஞ்சள் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அப்புறம் ஆத்தா மன்னித்துவிடுவாள். மாப்பிள்ளை வீட்டாரும் வருவார்கள், கோயில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு முடிவு பண்ணுவார்கள்.

"என்ன தப்புன்னு சொல்லணும்ணே?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் சொல்ல வேணாம். தப்புன்னு மட்டும் சொன்னா போதும். விழுந்து எந்திரிச்சா முடிஞ்சு போச்சு."

"நான் பேரு சொல்லாத தப்புக்கு ஊரு ஒரு பேரு வைக்கும்ணே. அது சாவற வரைக்கும் போவாது."

"மண்டோர் மூஞ்சியில நான் முழிக்கணும் தாயி."

"ஒனக்காகத்தான்ணே நெருப்புல எறங்குனேன்" என்றாள். அவ்வளவுதான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார்.

எட்டாம் பூசை ஞாயிற்றுக்கிழமை காலையில். பொங்கல் வாசனை, சாம்பிராணி, மழை பெய்து விட்ட தரை. அத்தை பாதங்களில் பழைய கைலித் துணியைச் சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நடந்து வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் முன்வரிசையில் இருந்தார்கள். உடுக்கை அடித்தார்கள். பூசாரிக்கு அருள் வந்தது.

"விழுடி! தப்புன்னு சொல்லு!"

அத்தை விழவில்லை. கையைக் கூப்பினாள். "ஆத்தா, நீதானே வந்துருக்கே?"

"ஆமாண்டி! நாந்தாண்டி வந்துருக்கேன்!"

"அப்பன்னா ஒங்கிட்ட ஒரு வாக்கு கேட்டுக்கறேன்."

உங்களுக்குத் தெரியும், சாமி இறங்கி நிற்கும்போது யார் வேண்டுமானாலும் வாக்குக் கேட்கலாம். பிள்ளை எப்போது பிறக்கும், காணாமல் போன ஆடு எங்கே என்று கேட்பார்கள். அதைத் தடுக்க மண்டோருக்கும் உரிமை கிடையாது. நம் தோட்டத்துச் சட்டத்தில் ஏழைக்கென்று இருந்த ஒரே ஓட்டை அதுதான். என் அத்தை அதைப் பிடித்தாள்.

"குழியில அடுக்குனாங்களே பலக, அதுல ஆணி இருந்துச்சா இல்லியா? நீ நெருப்புக்குள்ளயே இருந்தவ. ஒனக்குத் தெரியாதது ஒன்னும் இல்ல. சொல்லு."

உடுக்கை நின்றுவிட்டது. பூசாரி ஆடிக்கொண்டே இருந்தார், ஆனால் சத்தமில்லை. இருந்தது என்றால் தலைவர் கதி என்ன? இல்லை என்றால், அது பொய் என்று கேட்டு நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பாவம், சாமியே ஆனாலும் திணறத்தான் செய்யும்.

தலைவர் எழுந்து வந்தார். "ஏய், சாமிகிட்ட என்னா கேள்வி கேக்கறே நீ?"

"ஒங்கள கேக்கல மண்டோரே. ஆத்தாவ கேக்கறேன். நீங்க வேற, ஆத்தா வேற தானே?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, குழுவில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், ஒரு சேலை எடுத்துத் தருகிறேன். பூசாரி இரண்டு சுற்றுச் சுற்றி, "மலையேறுறேன்!" என்று உட்கார்ந்துவிட்டார்.

"கேள்வி கேட்டா மலையேறிடுவியா? ஆபீஸ் கிராணி வூட்டு ஆடு காணாம போனதுக்கு அரை மணி நேரம் நின்னு பேசுனியே!" என்றாள் அத்தை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். சத்தமாகக் கேட்டாள். "சரி, ஆத்தா போய்ட்டா. நீங்க இருக்கீங்கல்ல? வூட்டுக்கு வூடு சாம்பல் சலிச்சீங்க. சல்லடையில என்னா தங்குச்சு?"

முதலில் பேசியது என் அம்மா என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு என் சடையைப் பின்னி அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பேசியது தலைவரின் மனைவி. நாலு பேர் நடுவில் வாய் திறந்து நாம் பார்த்திராத மனுஷி.

"எங்க வூட்டு சல்லடையில ஒம்போது."

"ஏண்டி!" என்றார் தலைவர்.

"ஒம்போதுதாங்க. எடுத்து வச்சிருக்கேன். சின்னவன வுட்டு எடுத்தாரச் சொல்லவா?"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. எங்க வூட்டுல நாலு. எங்களுக்கு ஒரு கீல் துண்டே கெடச்சுது. எங்களுக்குப் பதினொன்னு. இத்தனை நாளாகத் தன் வீட்டில் மட்டும்தான் இருந்தது, தன் வீட்டுக்குத்தான் ஆத்தா ஏதோ குற்றம் காட்டுகிறாள் என்று ஒவ்வொருத்தியும் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்! என் அம்மா ஆறாவதாகவோ ஏழாவதாகவோ சொன்னாள். "ஏழு" என்று மட்டும் சொன்னாள். லாரி கிளீனர் அண்ணன் தீயில் இறங்கியவர், காய்ச்சல் என்று அந்த வாரம் முழுக்கக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராதவர், தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தூக்கிக் காட்டினார். அத்தை காலில் இருந்த அதே வட்டங்கள். பூசாரியை யாரும் காட்டச் சொல்லவில்லை. அவரும் காட்டவில்லை. ஆனால் எழுந்து போகும்போது குதிகாலால் நடந்து போனார்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக அத்தையிடம் வந்தார். "இனிமே ஒரு கொறையும் இல்லம்மா. தேதி வச்சிருவோம்."

"எட்டு நாளா நெருப்பு என்னா சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் என்னா சொல்றேன்னு கேக்க ஒருத்தரும் வரல. வேணாங்கம்மா" என்றாள் அத்தை.

அப்பாவை அடுத்த மாதமே செங்குத்தான மலைக்கு மாற்றினார்கள். அத்தைக்குத் திமிர் பிடித்தவள் என்று பட்டம். இரண்டு வருஷம் கழித்துச் சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போய், தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். சாமி கும்பிடுவதை அவள் விடவில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினாள். கேள்வி கேட்டால் பக்தி போய்விடும் என்று நம் கமிட்டிப் பிள்ளைகள் பயப்படுகிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். போனது பக்தியில்லை, மண்டோர் மேலிருந்த பயம்தான். அதற்கப்புறம் அவர் தலைவராக இருந்தார், ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒரு பொம்பளை எழுந்து ஏன் என்று கேட்டாள்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா ஒரு வட்டையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். இரண்டு பேரும் அழவில்லை. நான் கதவோரம் நின்றேன்.

"எட்டு நாளா ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அம்மா துணியை நனைத்துப் பாதத்தைத் துடைத்தாள். "கோயில்ல கேள்வி கேக்கலாம்னு யாரும் எனக்குச் சொன்னதில்லியே தாயி" என்றாள்.

அத்தை வலியில் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு தானாகவே திரும்ப அம்மாவின் மடியில் நீட்டினாள்.

"யாரு வந்து சொல்லணும் அண்ணி?"